கறுப்புக் கோட்டில் வெளுத்த இடம்

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் மதியம் சின்னவள் அலமாரியிலிருந்து தன் கறுப்புக் கோட்டை எடுத்தாள். இடப்பக்கம், கடைசிப் பொத்தானை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் துணி செம்பழுப்பாக வெளுத்துக் கிடந்தது.

அவள் போட்ட சத்தத்தில் அப்பா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தார். அம்மா இறந்த பிறகு துவைப்பதும் குளியலறை கழுவுவதும் அவர் பாடு.

"ஐயையோ, பிளீச்சுல்ல பட்டிருக்கு! நேத்து வெயில்ல போட்டேன். மேல் வீட்டுக்காரன் எவனோ கொட்டியிருக்கான். கண்ணு பொடனியிலயா இருக்கு அவனுக்கு?"

வேலை ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பு மேசையில். தேர்வு இங்கேதான், கிடைத்துவிட்டால் எட்டு மணி நேர ரயில் தூரத்தில் போய்த் தங்க வேண்டும். கறுப்புக் கோட்டு கட்டாயம். இன்னொன்று வாங்க வழியில்லை.

அப்பாவே கடைக்குப் போய்த் துணிக்குச் சாயம் பூசும் பேனா வாங்கி வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்க, அவள் பூசினாள். காய்ந்ததும் மறுபடி பூசினாள். இரண்டு மணி நேரம் போனது. அறைக்குள் கறுப்பாகத் தெரிந்த இடம், வெளிச்சத்தில் கத்தரிக்காய் நிறம் காட்டியது.

"விடும்மா. இந்த வேலை இல்லாட்டி இன்னொண்ணு" என்று அப்பா முதுகைத் தடவினார். அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். பழைய துணிகளைத் திருத்தித் தைக்கும் கடை வைத்திருப்பவள். கோட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள்.

"மேலேர்ந்து கொட்டினா தெறிச்சிருக்கும், வழிஞ்சிருக்கும். இது வட்டமா ஊறியிருக்கு. கீழ விரிச்சு வெச்சு ஊத்தினதுடி இது."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்களாப்பா?"

"அம்மா போயிட்டா. அக்கா புருஷன் வீட்டுக்குப் போயிட்டா. நீயும் போயிட்டா நான் செவுத்தோடவா பேசறது?"

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன்ப்பா."

அது நிஜம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகம் சுருங்கிப் போனது.

"ஊத்தினதைக்கூட விட்டுடலாம். ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்து துணியப் பிடிச்சீங்களே! நான் அழறதப் பாத்து முதுக வேற தடவினீங்களே!" அவளுக்கு அவர் கை பட்ட முதுகைச் சுவரில் தேய்க்க வேண்டும் போலிருந்தது.

அக்கா கோட்டின் அடிமடிப்பைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை வெட்டி, கறையை மறைக்க அதன் மேல் பாக்கெட் மடல் போல ஒரு துண்டைத் தைத்தாள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் உறுத்தும் என்று வலப்பக்கமும் ஒன்று.

மறுநாள் தேர்வில் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. வேலை கிடைத்தது.

கிளம்பும் நாளில் அப்பா வழக்கம்போல அவள் துணிகளை மடிக்க வந்து உட்கார்ந்தார். "நானே பாத்துக்கறேன்" என்று சின்னவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் சற்று நேரம் வெறும் கையோடு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

இப்போதும் வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறாள். ஊருக்கு வரும் தேதியை மட்டும் அக்காவிடம்தான் சொல்கிறாள்.