பச்சைத் தண்ணீரில் அலசிய சட்டை

சமரச மையத்தின் இரண்டாம் மாடி அறையில் அன்று காலை உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். மேசையின் தலைப்பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமரசர். ஓய்வுபெற்ற நீதிபதி, பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிறவர். அவருக்கு வலப்புறம் கம்பெனி வக்கீல். அவரை அடுத்து கம்பெனியின் பணியாளர் பிரிவு அதிகாரி, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இடப்புறம் வக்கீலம்மா. அவருக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்த நாற்காலியில், இளையவள்.

அக்காவுக்கு உள்ளே இடமில்லை. சாட்சிப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது, அதனால் பேச்சுவார்த்தையில் உட்காரக் கூடாது என்று கம்பெனி வக்கீல் வாசலிலேயே மறித்துவிட்டார். வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவின் மேல்பாதி கண்ணாடி. அவ்வப்போது எழுந்து அதில் முகத்தை ஒட்டி, தைரியமாக இரு என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

எல்லாவற்றுக்கும் காரணமானவன் வரவில்லை. அவன் கம்பெனியின் இன்னொரு விடுதிக்கு மாற்றலாகிப் போய், அங்கேயும் சலவைப் பிரிவுக்கே சூப்பர்வைசராக இருந்தான்.

அக்காவும் இளையவளும் அந்தப் பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அக்கா இஸ்திரி மேசையில். இளையவள் விரிப்பு மடிக்கிற இடத்தில். அக்காதான் தங்கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். ஒரு இரவு ஷிப்டில், விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் வைத்து சூப்பர்வைசர் இளையவளைச் சிதைத்தான். போலீஸ் வழக்கு ஆதாரம் போதாது என்று மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் வக்கீலம்மா சிவில் வழக்கு என்று ஒன்று உண்டு என்று சொன்னார்.

"அவனை உள்ள தள்ள முடியலைன்னா போகுது. வச்சு வேலை வாங்கின கம்பெனியைக் கேள்வி கேக்கலாம்மா. அங்க சந்தேகத்துக்கு இடமே இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல. ரெண்டு பக்கத்துல எது நம்புற மாதிரி இருக்கோ, அது ஜெயிக்கும்."

இளையவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அவளுக்கு முன்னால் அதே கூடத்தில் வேலை பார்த்த நெட்டை என்கிறவள், அதே ஆளைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்திருந்தாள். மேல் அடுக்கை ஏணி இல்லாமல் எட்டுவாள் என்பதால் அந்தப் பெயர். புகார் கொடுத்த மாதமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். 'புகார் வந்தது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று கம்பெனி ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். நெட்டையும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ கூட நின்னா நானும் கேஸ் போடறேண்டி. தனியா நிக்க எனக்குக் கால் வரல" என்று சொல்லியிருந்தாள்.

கம்பெனி வக்கீல் ஒரு சின்னச் சீட்டில் தொகையை எழுதி, மேசையில் விரலால் தள்ளினார். வக்கீலம்மா அதைப் பார்த்துவிட்டு இளையவளிடம் நகர்த்தினார். இளையவள் அதைத் தொடவில்லை.

"தப்பை ஒத்துக்கறதா எதுவும் இருக்காது" என்றார் கம்பெனி வக்கீல். "நல்லெண்ணத்துல குடுக்கறது. இவங்க இதைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது, எழுதக் கூடாது, வேற யாரோட வழக்குக்கும் துணை போகக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் வக்கீலம்மா. "மூச்சு விடலாமா, அதுக்கும் தனி ஷரத்து போட்டிருக்கீங்களா?"

சமரசர் கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி லேசாகச் சிரித்து, பிறகு சிரிக்கக் கூடாத இடம் என்று நினைவு வந்தவர்போல இருமினார்.

"வேண்டாம்னா விசாரணைக்குப் போவோம்" என்று கம்பெனி வக்கீல் கோப்பைத் திறந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் இளையவளுக்குப் பயமாக இருந்தது. "மனசு பாதிக்கப்பட்டிருக்குன்னு நஷ்ட ஈடு கேக்கறீங்க. அப்போ மனநல ஆலோசகர்கிட்ட இவங்க பேசின குறிப்பு முழுசையும் நாங்க பார்க்கணும். கோர்ட்ல வாசிக்கணும். அப்புறம் இது."

ஒரு புகைப்படத்தை மேசை நடுவில் வைத்தார். சலவைக்கூடத்துச் சீருடைச் சட்டை. கறை இல்லை, சுருக்கம் இல்லை. கழுத்துப்பட்டை கத்தி முனை மாதிரி நின்றது. கைகள் இரண்டும் பின்னுக்கு மடங்கி, கடையில் புதிதாக வாங்கியதுபோல இருந்தது.

"போலீஸ் ஃபைல்ல இருந்த படம். அன்னிக்கு போட்டிருந்த சட்டை. போலீஸ் வாக்குமூலத்துல 'நான்தான் துவைச்சேன்'னு இவங்களே சொல்லியிருக்காங்க. அப்படி ஒண்ணு நடந்திருந்தா, அந்தச் சட்டையைத் துவைச்சு, தேச்சு, மடிச்சு வைக்க யாருக்கு மனசு வரும்? நான் கேக்கல. நீதிபதி கேப்பார்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"குட்டி, மாத்திரை போட்டியா? வெறும் வயித்துல உட்கார்ந்திருக்கே." அக்கா தண்ணீர்ப் பாட்டிலோடு உள்ளே பாதி நுழைந்துவிட்டாள். "மன்னிச்சுக்கங்க ஐயா. நான் பாட்டுக்குக் குடுத்துட்டுப் போயிடறேன். அப்பா, என்ன குளிரு! இந்த ரூம்ல ஒரு கைக்குட்டை கூடக் காயாது."

இளையவளின் உள்ளங்கை தானாகப் போய்ப் புகைப்படத்தின்மேல் விழுந்தது. அந்த மடிப்பை அக்கா பார்த்தால் போதும், ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஊரில் ஆயிரம் பேர் சட்டை மடிக்கலாம். கையை உள்ளே விட்டுப் பட்டையை இழுத்து நிறுத்துகிற அந்த மடிப்பு அக்காவுடையது.

"இவங்கதானே அக்கா?" என்றார் கம்பெனி வக்கீல். அவர் பார்வை இளையவளின் கையில் இருந்தது. "உங்களையும் கூப்பிடுவோம்மா. ஒரே வீட்டுல இருந்தவங்க."

"கூப்பிடுங்க சார்! இப்பவே வேணாலும் வரேன்." அக்காவின் குரல் நடைக்கூடம் வரை போனது. "அன்னிக்குக் காலைல அவ வந்து நின்ன கோலத்தை நான்தானே பார்த்தேன்? ஒண்ணு விடாம சொல்றேன். எனக்கென்ன பயம்?"

"அக்கா, வெளிய இரு."

"போறேண்டி, போறேன். மாத்திரையைப் போடு." போகிற போக்கில் கம்பெனி வக்கீலின் சட்டையைப் பார்த்தாள். "சார், உங்க இஸ்திரிக்காரனை மாத்துங்க. கை மடிப்பு ரெண்டு கோடா நிக்குது."

கதவு சாத்திய பிறகும் கம்பெனி வக்கீல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பின் ஓரத்தில் ஏதோ ஒரு வரி குறித்துக்கொண்டார்.

இளையவள் வக்கீலம்மாவின் கையைத் தொட்டாள். சமரசர் சற்று நேரம் இடைவேளை விட்டார். நடைக்கூடத்தின் மறுகோடியில், நகல் எடுக்கும் இயந்திரம் வைத்த சந்தில் போய் இருவரும் நின்றார்கள்.

"சட்டையைத் துவைச்சது நான் இல்ல மேடம்."

வக்கீலம்மா கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

அன்று விடிந்த பிறகு வீட்டுக்கு வந்தாள். சீருடையைக் கழற்றிக் குளியலறை மூலையில் போட்டாள். தோல் எரிகிற வரைக்கும் குளித்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தாள். மாதவிலக்கு என்று அக்கா நினைத்துக்கொண்டாள். சட்டையிலும் கால்சட்டையிலும் இருந்த ரத்தத்துக்கு அவளுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும். பாவம், உடம்பு முடியவில்லை, தூங்கட்டும் என்று அவற்றை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் நூலோடு பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்டுக் கசக்கினாள். நாலு தண்ணீர் அலசினாள். சலவைக்கூடத்தில் யாராலும் எடுக்க முடியாத கறையை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். இளையவள் மத்தியானம் கண் திறந்தபோது சட்டை தேய்த்து மடித்து, தலைமாட்டில் மொடமொடவென்று இருந்தது. "பாத்தியா, ஒரு சொட்டுக் கூட இல்ல" என்றாள் அக்கா, பெருமையாக.

விஷயத்தைச் சொல்ல இளையவளுக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆனது. சொன்னதும் அக்காதான் அவளைக் கையோடு காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே ஒருத்தியைத்தான் விட்டார்கள். 'யார் துவைச்சது?' என்று கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே அக்கா தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள்.

"நான்தான்னு சொல்லிட்டேன். கேஸை எதனால மூடினாங்கன்னு அக்காவுக்குத் தெரியாது. போலீஸ்காரங்க வாங்கித் தின்னுட்டாங்கன்னு இன்னும் திட்டிட்டு இருக்கா. சட்டையைப் போலீஸ் வாங்கி வச்சதும் தெரியாது, கம்பெனில திருப்பிக் குடுத்தாச்சுன்னு நினைச்சுட்டு இருக்கா. ஆலோசகர் அம்மாகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். எங்கயாவது ஒரு இடத்துல இறக்கி வைக்கணுமே."

"அதை அவங்க எழுதி வச்சிருப்பாங்க" என்றார் வக்கீலம்மா.

"ஆமா."

இயந்திரம் ஒரு தாளைத் துப்பிவிட்டு நின்றது. வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாரும்மா. உன் பேச்சு ஒண்ணைத்தான் நாம கையில வச்சிருக்கோம். அதுல ஒரு வரி பொய்யின்னா மத்ததையும் உதறிடுவாங்க. ஆனா இதை விளக்க முடியும். அக்காவைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்னு நீ சொல்லு, துவைச்சது நான்தான்னு அவங்க சொல்லட்டும். நீதிபதியும் மனுஷர்தான். கேட்டா புரியும்."

"அக்காவுக்கும் புரியும் இல்ல?"

வக்கீலம்மா இயந்திரம் துப்பிய தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"தன் கையாலதான் எல்லாம் போச்சுன்னு அவ கூண்டுல நின்னு தெரிஞ்சுக்கணும். அந்த ஆள் கேள்வி கேட்டு அவ பதில் சொல்லித் தெரிஞ்சுக்கணும். வேலை வாங்கிக் குடுத்தது நானாச்சேன்னே அவ இன்னும் சரியா சாப்பிடறதில்ல மேடம். இதுவும் தெரிஞ்சா அவ இருக்க மாட்டா."

"அந்தப் பொண்ணு? நெட்டை?"

இளையவள் சுவரில் சாய்ந்தாள். நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் அக்கா எழுந்து நின்று, என்ன ஆச்சு என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்ட பிறகு நெட்டைக்கு நீ எழுதக் கூடாது" என்றார் வக்கீலம்மா, குரலைத் தாழ்த்தி. "பத்திரம் தயாராக நாளைக்குக் காலை ஆகும். எழுதறதுன்னா இன்னிக்கே எழுதிடு."

உள்ளே போனார்கள். இளையவள் சம்மதம் என்று சொன்னாள். சமரசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரு தரப்பும் காட்டிய பக்குவத்தைப் பாராட்டினார். அதிகாரி கைபேசியை நிமிர்த்தினார். கம்பெனி வக்கீல் புகைப்படத்தை எடுத்து, மூலை மடங்காமல், கோப்புக்குள் வைத்தார்.

படிக்கட்டில் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி சொல்றாங்க வக்கீலம்மா? ஒத்துக்கிட்டியாமே?"

"ஆமா."

"அந்த வாக்கியம்?"

"தரமாட்டாங்களாம்."

"தரமாட்டாங்கன்னா விடுறதா? நான்தான் வரேன்னு சொன்னேனே! நான் கண்ணால பார்த்தவ. என்னை ஒரு தடவை கூண்டுல ஏத்திப் பாரு, அவங்க வாய அடைக்கறேனா இல்லையான்னு." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நெட்டை உன்னை நம்பி உட்கார்ந்திருக்கா. அவ மூஞ்சில எப்படி முழிப்பே?"

இளையவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"எவ்வளவுன்னு எழுதிக் காட்டினாங்களாமே. பார்த்ததும் வாயடைச்சுப் போச்சா?"

சொன்ன பிறகு அக்காவே ஒரு படி பின்னால் நின்றுவிட்டாள். இல்லை என்று தங்கை திரும்பிக் கத்துவாள், ஒரு அறை கூட விடுவாள் என்று காத்திருந்தவள்போல நின்றாள்.

"ஆமாக்கா" என்றாள் இளையவள்.

அதற்குப் பிறகு தெரு முழுக்க அக்கா வெயிலில் பத்தடி முன்னால் நடந்தாள். சாலையைக் கடக்கும்போது மட்டும் பழக்கத்தில் கை பின்னால் வந்து, தங்கையின் கையைத் தேடி, பிறகு நினைவு வந்து மடங்கிக்கொண்டது.

தபால் நிலையத்தில் மேசையோரம் நின்று இளையவள் எழுதினாள். நெட்டைக்கு ஃபோன் செய்ய முடியாது. ஃபோன் அவள் வீட்டுக்காரன் கையில், அவனுக்கு இது எதுவும் தெரியாது. அவள் இப்போது வேலை பார்க்கிற தையல் கடை விலாசத்துக்குத்தான் எழுதவேண்டும். 'உன்னோடு நிற்க என்னால் வர முடியாது. என்னை நம்பி வழக்குப் போடாதே. இனிமேல் எனக்கு எழுதாதே, நானும் எழுத முடியாது.' காரணம் என்று ஒரு சொல் எழுதி, அதற்கு மேல் பேனா ஓடாமல், அடித்தாள். அடித்த இடம் அசிங்கமாகத் தெரிந்தது. வேறு தாள் வாங்கி, அந்தச் சொல் இல்லாமல் மறுபடி எழுதினாள். கடைசியில், 'பணத்துக்காக என்று நினைத்துக்கொள்' என்று சேர்த்தாள்.

உறையின் வாயைப் பசை தடவி ஒட்டினாள். அவசரத்தில் கோணலாக ஒட்டியது.

"இப்படி ஒட்டினா வழியிலயே பிரிஞ்சுக்கும்." அக்கா வந்து உறையைப் பிடுங்கினாள். முகம் அழுது வீங்கியிருந்தது. பிரித்து, நேராக வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஓரம் முழுக்க அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். விலாசத்தைப் படித்தாள். சாதாரணத் தபால் தொலைந்துபோகும் என்று பதிவுத் தபால் வரிசையில் போய் நின்றுகொண்டாள். இளையவள் அவள் பின்னால் நின்றாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது.

"நாளைக்குக் கையெழுத்துப் போட எதைப் போட்டுக்கப் போறே?" திரும்பாமலே கேட்டாள் அக்கா.

"ஏதாவது."

"அந்த ஊதாவை எடுத்து வை. தேச்சுத் தரேன். கசங்கிப் போய் அவங்க முன்னால நிக்காதே."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் உறையைத் தராசில் வைத்தார். எடுத்தார். முத்திரையை இரண்டு முறை ஓங்கிக் குத்தி, பார்க்காமலேயே பின்னால் இருந்த சாக்குக்குள் வீசினார்.