இலை மேல் வெள்ளைப் பொடி

மாப்பிள்ளை ஆசிட் கேனைத் தூக்கிக்கொண்டு பசுமைக்குடிலுக்குள் போனதை மாமனார் பார்த்துவிட்டார். பார்த்ததோடு விட்டாரா? கதவு இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து, அவன் அதை அளந்து தண்ணீர் டேங்கில் ஊற்றுவதையும் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கம்பக்கத்தில் அவருக்கு இலை டாக்டர் என்று பெயர். யார் வீட்டுச் செடி சோர்ந்தாலும் ஒரு இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அவரிடம்தான் ஓடி வருவார்கள். அவரும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தீர்ப்புச் சொல்வார். அடி இலை முழுக்க மஞ்சளா, தழைச்சத்து போதவில்லை. ஓரம் கருகியிருக்கிறதா, உரத்தை வாரிக் கொட்டியிருக்கிறாய். அவருடைய குடிலில் இருப்பதெல்லாம் பூச்செடிகள். மண்ணில் அல்ல, பீட்டில் வளர்பவை. சதுப்பு நிலத்துப் பாசி காலங்காலமாக மக்கி, பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி மூட்டையில் வருமே, அதுதான் பீட். அதற்குப் பிறவியிலேயே புளிப்புக் குணம். அந்தப் புளிப்பை அடக்கத்தான் கலக்கும்போதே சுண்ணாம்புத் தூள் சேர்ப்பார்கள். ஆயுள் முழுக்கப் புளிப்போடு மல்லுக்கட்டிய மனிதர் கண்முன்னால் ஒருத்தன் ஆசிட்டை ஊற்றினால் வயிறு எரியாதா?

மனசுக்குள்தான் ‘அவன்’. நேரில் மரியாதைக்குக் குறைவில்லை.

“என்ன மாப்ளே, டேங்க்ல ஏதோ ஊத்தினீங்க போலிருக்கே?”

“ஆசிட் மாமா. கொஞ்சம்தான். நம்ம மழைத்தண்ணி டேங்க் விரிசல் விட்டுப் போச்சுல்ல? இப்ப போர் தண்ணிதான் வருது. அதுக்கு இது வேணும்.”

“ஓஹோ! தண்ணிக்கே ஆசிட் வேணுமா? நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு.”

“ஒரு நாள் உக்காந்து விவரமா சொல்றேன் மாமா.”

“எதுக்கு? நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்.”

சரியாக இருக்காது என்பதுதான் அவர் கட்சி. வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மகளோடு வந்து தங்கியவன். சும்மா உட்கார்ந்து சாப்பிடாமல் குடில் வேலையில் இறங்கினான், அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கட்டட கான்ட்ராக்டர் வாசலில் வந்து நின்று, இடத்தை மேலும் கீழும் பார்த்தார். மாப்பிள்ளை அவரோடு சிரித்துச் சிரித்துப் பேசினான். செடியெல்லாம் செத்துப்போனால் கிழவன் இடத்தை விற்றுத்தானே ஆகவேண்டும்? கணக்கு எவ்வளவு சுலபமாகப் பொருந்துகிறது! அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். கடைக்கோடி மேசையில் இருந்த பெட்டூனியாச் செடிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

“இந்த மேசையில மட்டும் நீங்க கை வைக்க வேணாம் மாப்ளே. எனக்கும் பொழுது போகணும்ல.”

“சரி மாமா” என்றான் அவன், மறுபேச்சில்லாமல். அவ்வளவு சட்டென்று ஒப்புக்கொண்டதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மத்தியானம் மாப்பிள்ளை சாப்பிட உள்ளே போனதும் இவர் குழாயில் ஹோஸை மாட்டுவார். ஆசிட் டேங்கின் பக்கமே போகாமல், நேராகக் குழாய்த் தண்ணீரால் தன் செடிகளைத் தலையோடு காலாகக் குளிப்பாட்டுவார். உரத்தைத் தன் கையால் போடுவார். தண்ணீர் என்றால் தண்ணீர், அதில் என்ன குற்றம் இருந்துவிடப் போகிறது? பாவி கையிலிருந்து இந்த ஒரு மேசையாவது தப்பிக்கட்டும் என்று நினைத்துக்கொள்வார்.

தப்பிக்கவில்லை. அந்த ஒரு மேசைதான் மஞ்சளடித்தது. மாப்பிள்ளையின் மேசைகள் எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றன.

இலை டாக்டர் தன் செடியிலேயே ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார். அடி இலைகள் நன்றாகவே இருந்தன. கொழுந்துகள்தான் வெளுத்திருந்தன, நரம்பு மட்டும் பேனாவால் கோடு போட்டது போலப் பச்சையாக. இரும்புச்சத்து ஏறவில்லை. சின்னக் குழந்தை கூடச் சொல்லும். ஆனால் உரத்தில் இரும்பு இருக்கிறதே, ஏன் ஏறவில்லை? பீட்டில் புளிப்புக் குறைந்தால் வேர் இரும்பை எடுக்காது. பக்கத்திலேயே இருந்தும் பட்டினிதான்.

ஒரு தொட்டிக்கு அடியில் தட்டை வைத்து, மேலே கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, கீழே வடிந்ததில் பி.எச். மீட்டரை முக்கினார். ஏழுக்கு மேல் காட்டியது. ஆறுக்குக் கீழே இருக்க வேண்டியது! எண் ஏறினால் புளிப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளையின் மேசையில் ஒரு தொட்டியை எடுத்துப் பார்த்தார். இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருந்தது. மீட்டரைக் கழுவித் துடைத்து, சரிபார்க்கும் திரவத்தில் முக்கி எடுத்து, மறுபடி பார்த்தார். அதே கதைதான்.

புளிப்பு தானாகவா போகும்? யாரோ சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இலை இலையாகப் பார்த்தார். இருந்தது! இலை மேலெல்லாம் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் நறநறவென்றது. நாக்கில் வைத்தால் சுண்ணாம்பேதான். சாமான் அறைக்குப் போனால், அங்கே சுண்ணாம்பு மூட்டை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. என் மேசையை அழித்து, தன் ஆசிட் வித்தைதான் உசத்தி என்று காட்டப் பார்க்கிறான். திருட்டுப் பயல், கையும் களவுமாக மாட்டினான்!

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு மஞ்சள் கொழுந்தை மாப்பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது என்ன மாப்ளே?”

“அயர்ன் குறைச்சல் மாதிரி இருக்கு. உங்க மேசையா மாமா? பி.எச். பாத்தீங்களா?”

“பாத்தேன். சுண்ணாம்பு எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல. தானா நடந்து வந்துச்சோ?”

“அப்பா, என்ன பேசறீங்க?” என்றாள் மகள். அவள் குடிலைப் பார்த்த மாடி ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்ப்பவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்போதும் தாமதமாகத்தான் கீழே வருவாள், அன்று சீக்கிரம் வந்திருந்தாள்.

“மாமா, நான் அந்த மேசைப் பக்கமே போகல. மூட்டைய நேத்து புது பீட் கலக்கத் தொறந்தேன், அவ்வளவுதான்.”

“அந்தக் கட்டடக்காரன்?”

“அவரா? புதுசாக் கட்டின வீட்டு வாசலுக்குப் பூச்செடி வேணும்னு கேட்டு வந்தாரு.”

“காதுல பூ சுத்தாதே! இடத்தை விக்கணும்னா நேரா என் மூஞ்சியப் பாத்துக் கேளு. வாயில்லாத செடிய ஏன்டா கொல்றே?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்து, ‘டா’வும் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் வராத சொல். மாப்பிள்ளை பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனான். மகள் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் இருவரும் மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

போகட்டும், பீடை விட்டது என்று சொல்லிக்கொண்டார். இரவெல்லாம் புரண்டு படுத்தவர், காலையில் முதல் வேலையாக வாசல் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டு ஹோஸைப் பிடித்தார். அவன் தூவிய விஷத்தை இலை இலையாகத் துடைத்துக் கழுவினார். செடிகள் பளபளவென்று ஆயின. நிம்மதியாக ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இலைகளில் மறுபடி வெள்ளைப் பொடி.

வந்துவிட்டான்! வாசலுக்கு ஓடினார். பூட்டு போட்டபடி இருந்தது. பின்பக்க வேலி அப்படியே இருந்தது. மூச்சு வாங்க மேசைக்குத் திரும்பினார். ஒரு இலையின் நடுவில் கடைசித் துளி ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். துளி சுருங்கியது, இன்னும் சுருங்கியது, காணாமல் போனது. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம்.

சுண்ணாம்பு போர் தண்ணீரிலேயே இருந்திருக்கிறது. அதை முறிக்கத்தான் அந்த ஆசிட். நாள் தவறாமல் சுண்ணாம்பை ஊற்றிச் செடியின் கழுத்தை நெரித்தது இந்தக் கை. இலை டாக்டருக்கு நோயும் தெரிந்தது, காரணமும் தெரிந்தது, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுக்குச் சட்டையைக் கூட மாற்றாமல் பஸ் ஏறினார்.

மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தான். “வாங்க மாமா” என்றான், குரலில் உயிரில்லாமல்.

“மாப்ளே, நான்தான்யா. உங்க தண்ணிய நம்பாம தினமும் குழாய்ல ஹோஸ் போட்டு ஊத்தினேன். நான்தான்.”

அவன் ஒரு நொடி விழித்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். “நேரா போர் தண்ணியா? ராத்திரி பூரா மண்டையக் குடைஞ்சுட்டிருந்தேன் மாமா! வாங்க, கொழுந்து கருகறதுக்குள்ள அயர்ன் மருந்து வாங்கி ஊத்தணும். அப்புறம் நம்ம டேங்க் தண்ணியே போதும், தேறிடும்.” அக்காவின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

அவருக்கு நெஞ்சிலிருந்து பாறை இறங்கியது. இவ்வளவுதானா! மன்னிப்பு இத்தனை சுலபமா! உள்ளே எட்டிப் பார்த்து, “பாப்பா, கிளம்பும்மா. அப்பா மேலதான் தப்பு. எல்லாம் சரியாப் போச்சு” என்றார்.

மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

“நீங்க ஹோஸ் பிடிக்கறத மாடி ஜன்னல்லேருந்து தினமும் பாத்தேன்ப்பா. அவரு சாப்பிட வர்ற வரைக்கும் காத்திருந்து, திருடன் மாதிரி ஊத்துவீங்க. அவரை நம்பாமத்தான் செய்யறீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. செடிக்கு ஆகாதுன்னு மட்டும் எனக்குத் தெரியாது.”

“அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.”

“என்னன்னு கேக்கறது? என் புருஷன் மேல ஏன் நம்பிக்கை இல்லைன்னா? அவருகிட்டயும் சொல்லல, மனசு விட்டுப் போயிடுமேன்னு. மாமா மாமான்னு உசிரா இருந்த மனுஷன். என் அப்பாவுக்காக என் புருஷன்கிட்டயே மறைச்சேன். நீங்க என்னடான்னா, சாப்பிட்டுட்டு இருக்கற ஆளை டா போட்டுக் கேட்டீங்க.”

“அதான் வந்துட்டேனே பாப்பா.”

“இன்னைக்கு தண்ணிதான் காரணம்னு தெரிஞ்சு வந்தீங்க. நாளைக்கு வேற ஏதாவது வாடும். அப்பவும் அவரைத்தான் பாப்பீங்க.” அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. “அவரைக் கூட்டிட்டுப் போங்க, செடிய சரி பண்ணிக் குடுப்பாரு. நான் வரலப்பா.”

கீழே தெருவில் மாப்பிள்ளை ஹார்ன் அடித்து, “மாமா, மத்தியானம் உரக்கடைய மூடிருவான், வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.