அடுப்பில்லாத மதியம்

நாக்கு செத்துப்போன சமையல்காரி நான். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், ஏனென்றால் அந்த மதியம் வரைக்கும் ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டு, போகிற போக்கில் ருசியையும் வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

வேலை செய்வது ஒரு பெரிய சலவை நிலையத்தின் கேன்டீனில். ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று நாலு பக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கும். எழுபது பேர் அதைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்புவார்கள். அந்த எழுபது பேரின் மதியச் சாப்பாடு பத்தொன்பது வருஷமாக என் பொறுப்பு. ருசி தெரியாத சமையல்காரி என்று வெளியே தெரிந்தால் மறுநாளே வேறு ஆளை வைத்துவிடுவார்கள். வேலை போனால்கூடப் பரவாயில்லை, சாப்பாடு என்றால் அக்கா சாப்பாடுதான் என்ற பேர் போய்விடுமே. அதனால் வாயை இறுக மூடிக்கொண்டேன். கை அளவாக உப்பைப் போடுவேன். கூடிவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் கொஞ்சம் குறைத்தே போடுவேன். பிறகு கரண்டியில் எடுத்து ஊதி, உறிஞ்சி, தலையை ஆட்டுவேன். நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அப்புறம்தான் இந்தக் கோடை வந்தது. சமையலறைக்கும் இஸ்திரிக் கூடத்துக்கும் நடுவே ஒரு அரைச்சுவர்தான். அங்கே ஆவி, இங்கே அடுப்பு. ஒருநாள் இஸ்திரி மேசையிலேயே ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். மேலாளர் அம்மா நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, காலைல எட்டு மணிக்கு மேல அடுப்பு பத்த வைக்காதீங்க. வெயில் தணியற வரைக்கும் பச்சையா சாப்பிடற மாதிரி ஏதாவது பண்ணுங்க."

"பச்சையாவா? அவங்க என்ன ஆடா மாடா?" என்று எகிறினேன். வாய்தான் எகிறியது, உள்ளே வேறு கணக்கு ஓடியது. கொதிக்கிற அண்டாவுக்குக் கை அளவு உண்டு. பச்சைத் தக்காளிக்கு ஏது? இன்றைக்கு வந்த கூடை இனிக்கும், நாளைக்கு வருவது புளிக்கும். ஒவ்வொரு நாளும் நாக்கைத்தான் கேட்க வேண்டும். என் நாக்கு எங்கே பதில் சொல்கிறது?

கூட வேலை செய்வது என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. காய் நறுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் மூன்றாவது வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தால்கூட ஊருக்கே தமுக்கு அடித்துவிடுவாள். யாருக்குத் தெரிந்தாலும் இவளுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று இருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில்தான் நான் காய்களைப் பார்த்தேன். சும்மா இல்லை, நின்று பார்த்தேன். விடிகாலையில் காய்க்காரர் கூடைகளை இறக்கிவிட்டுப் போவார். வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினால், வெட்டின இடத்தில் தானாகவே பொடிப்பொடியாகத் தண்ணீர் பூக்கும். வெளியே அந்த வெயில், உள்ளே கை சில்லிடும். இத்தனை சூட்டைக் குடித்துவிட்டு இது எப்படி இப்படிக் குளிர்ந்து கிடக்கிறது? தர்பூசணியில் கத்தி முனை பட்டால் போதும், மிச்சத்துக்கு அதுவே பிளந்து வழிவிடும். மக்காச்சோளத்தில் ஒரு மணி வரிசை தப்பாது. தக்காளியைப் பாதியாக வெட்டினால் உள்ளே அறை அறையாகக் கட்டி, அறைக்கு இத்தனை விதை என்று யாரோ குடிவைத்த மாதிரி இருக்கும். பத்தொன்பது வருஷம் மூட்டை மூட்டையாகத் தக்காளியை வதக்கிக் கூழாக்கினேனே, ஒன்றையாவது நின்று பார்த்தேனா? எனக்கு உடம்பு சிலிர்த்துப்போகும்.

"அண்ணி, தக்காளியை வெட்டச் சொன்னா அதுகூடக் கதை பேசிட்டு நிக்கறீங்க" என்பாள் நாத்தனார்.

புதினாவைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் வராது. கண்ணுக்கு இத்தனை விருந்து, வாய்க்கு மட்டும் ஈரக் காகிதம். அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அதிசயம் என்னவென்றால் சாப்பாட்டை ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், எட்டு மணிக்கு முன்பே வேகவைத்த கொண்டைக்கடலை, மக்காச்சோளம், எலுமிச்சைச் சாறு, ரொட்டி, கடைசியில் ஒரு துண்டுப் பழம். அவ்வளவுதான். எழுபது தட்டும் பளபளவென்று திரும்பி வந்தன. சட்டைக் காலருக்கு மொடமொடவென்று கஞ்சி போடுவதால் கஞ்சி என்றே எல்லாரும் கூப்பிடும் இஸ்திரிக்காரர், எதற்கும் மசியாத மனுஷன், இரண்டாவது தட்டு கேட்டு வந்து நின்றார். நாக்கு போனால் என்ன, கைக்கே ருசி தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் கையை நானே கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

புகழ் முதலாளி காதுவரைக்கும் போய்விட்டது. "வெள்ளிக்கிழமை நானும் அங்கயே சாப்பிடறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

இந்த ஒருநாள் கையை நம்பக் கூடாது என்று முடிவு செய்தேன். இத்தனை கிலோ காய்க்கு இத்தனை உப்பு என்று கணக்குப் போட்டு, வீட்டிலேயே தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் வருவதற்குள் அதை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து வைத்துவிட்டேன். காயெல்லாம் நறுக்கி முடித்ததும் சாற்றை இரண்டு பெரிய தொட்டிகளிலும் ஊற்றிக் கலந்தேன். கலந்தபின் ஒரு சந்தேகம். உப்பு டப்பாவைத் திறந்தேன், இன்னும் கொஞ்சம் போடலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று மூடிவிட்டேன். பிறகு தட்டுகளை அடுக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன்.

பன்னிரண்டரைக்கு முதலாளி வந்து எல்லாரோடும் பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் வாய் எடுத்தார். மெல்லுவது பாதியில் நின்றது. தண்ணீர்க் குவளையைத் தேடினார். நாலு மேசை தள்ளி யாரோ இருமினார்கள். கஞ்சி எழுந்தே நின்றுவிட்டார்.

"அக்கா, காயைக் கடல்ல கழுவினீங்களா?"

சமையலறைக்குள் ஓடினேன். நாத்தனார் பின்னாலேயே வந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, நீங்க உப்பு போட்டீங்களா?"

"போடாம? சாத்துலயே கரைச்சு ஊத்தினேன்."

"ஐயோ! டப்பாவைத் தொறந்துட்டு ஒண்ணும் போடாம மூடினீங்களே, நான் பார்த்தேனே! அதான் நீங்க அந்தப் பக்கம் போனதும் எப்பவும் போல நான் போட்டுட்டேன்."

"எப்பவும் போலன்னா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க பயந்து பயந்து கிள்ளிப் போடறீங்க அண்ணி. மூணு மாசமா மிச்சத்தை நான்தான் போடறேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"காய்ச்சல் விட்டு வந்த அன்னைக்கே தெரியும். திரிஞ்சுபோன பாலை மோந்து பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"யார் யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்ட சொல்லுவேன்? அண்ணன்கிட்டகூட சொல்லல."

வெள்ளரிக்காய்க்கும் மக்காச்சோளத்துக்கும் வாயைப் பிளந்தவள் நான். இதற்கு என்ன செய்வேன்? ஊருக்கே தமுக்கு அடிக்கிறவள், என் பேரைக் காப்பாற்ற மூன்று மாதம் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். பக்கத்தில் நின்று தினமும் வெங்காயம் உரித்தவளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ருசி பார்த்துட்டுப் போட வேண்டியதுதானேடி!"

"இன்னைக்கு அவசரத்துல விட்டுட்டேன். நீங்க மட்டும் பார்த்தீங்களாக்கும்?"

"இப்ப பார்க்கறேன், எவ்வளவு மோசம்னு!" என்று கத்திவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் திணித்தேன். நாக்கே இல்லாதவள் எதைப் பார்ப்பது? ஆத்திரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. மென்றேன். வழக்கம் போல ஈரக் காகிதம்.

பிறகு நாக்கின் ஓரத்தில் சுருக்கென்றது. கடித்துக்கொண்டேனோ என்று நினைத்தேன். இன்னொரு சுருக். மெல்ல மெல்ல வாய் முழுவதும் பரவியது. கண்ணில் நீர் வந்தது, தொண்டை எரிந்தது. அதன் பின்னாலேயே, கூச்சப்பட்டுக்கொண்டு வருகிற மாதிரி, தக்காளியின் புளிப்பு வந்தது. நான் அசையவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று பயம்.

"கரிக்குது" என்றேன்.

"என்ன அண்ணி?"

"உப்பு கரிக்குதுடி! கரிக்குது!" நான் போட்ட சத்தம் வெளியே எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கஞ்சி கத்தினார். "அதைத்தானே அக்கா நாங்களும் சொல்றோம்!"

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும்தான். முதலாளி வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். "மூணு மாசமா எனக்கு ருசியே தெரியாதுங்க. நீங்க எல்லாரும் புகழ்ந்த சாப்பாட்டுக்கு உப்பு போட்டது இவ."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்ப சீக்கிரம் சரி பண்ணுங்க. பசிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளைக்கு என்று வைத்திருந்த கூடைகளைக் கவிழ்த்தோம். உப்புப் படாத காயை நறுக்கிச் சேர்த்தால் சரியாகிவிடும். அவள் மளமளவென்று நறுக்கினாள். நான் ஒவ்வொரு தக்காளியிலும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துத்தான் தொட்டிக்கு விட்டேன். ஒன்றில் புளிப்பு முந்தியது, ஒன்றில் இனிப்பு, ஒன்று பாதியில் மனசு மாறி இரண்டுமாக இருந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. அடடா, அடடா என்று எனக்கே கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணி, பாதிக் கூடையை நீங்களே தின்னுட்டீங்க. எழுபது பேருக்கு எதைப் போடறது?"