அலமாரிச் சாவியைக் கேட்டவள்

1

“அலமாரிச் சாவியைக் கொடுங்க சார்.”

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தலைமையாசிரியர் முன்னால் சொல்லவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே தாட்சாயிணி டீச்சருக்கு எச்சரிக்கை வந்திருந்தது. அவள் சொல்லிவிட்டாள். கதை இங்கே தொடங்குகிறது.

பொய். கதை தொடங்கியது என்னிடம். போன வருஷம் பி.எட். பயிற்சிக்காக அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பானை ஓடு, பழைய காசு, சில கற்கள். எல்லாவற்றின் மேலும் தூசி. திறந்து காட்டச் சொன்னேன். அவர்கள் வீட்டு நகைப்பெட்டியைக் கேட்டதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “அத்த யாரும் கேக்கறதில்ல மேடம்” என்றார் ஒருவர். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி முழுக்க நானே கட்டியது. ஆதாரம் வேண்டுமென்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பூட்டிய கண்ணாடிக்குள் படிப்பு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தாட்சாயிணியைக் கொண்டுபோய் 1938-இல் நிறுத்தினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஏரிக்கரையில் அந்தி மயங்கும் வேளையில், வெள்ளைப் புடவை உடுத்திய ஒரு—’

வேண்டாம். வெள்ளைப் புடவை கட்டிவிட்டால் உங்களில் பாதிப் பேர் அவளை விதவையாக்குவீர்கள், மீதிப் பேர் தியாகியாக்குவீர்கள். அவள் கட்டியிருந்தது மாம்பழ நிறச் சுங்குடி.

இரண்டாவது தொடக்கம்: ‘அக்காலச் சென்னை மாகாணத்தில் பெண்கல்வியானது—’ இது பரீட்சைத் தாள். கிழித்துப் போட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. (பெயர் கேட்காதீர்கள், நான் வைக்கவில்லை.) பெண்களையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்ததால் ஒரு பெண் வாத்தியார் தேவைப்பட்டது. பூந்தமல்லியில் பூ கட்டி விற்ற வீட்டுப் பெண் தாட்சாயிணி பி.ஏ., எல்.டி. (அந்தக் காலத்து பி.எட்.) வந்தாள். சரித்திரம் அவள் பாடம். சரித்திர மன்றமும் அவள் பொறுப்பு. மன்றத்தின் வேலை, பழந்தமிழ்ப் பாட்டில் பானையும் வேலும் வருகிற இடங்களை வகுப்பில் படித்துவிட்டு, உழுது போட்ட நிலத்திலும் ஏரிக்கரைச் சரளையிலும் போய்த் தேடுவது. கிடைத்ததையெல்லாம் தலைமையாசிரியர் வீரராகவன் சாரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அலமாரியில் வைப்பார். (என் கதையில் அலமாரிக்குக் கண்ணாடி இல்லை, மரக்கதவு.) வைத்ததை அப்புறம் யாரும் பார்த்ததில்லை.

பார்க்கத்தான் முடியாதே தவிர, கேட்கலாம். மாதம் ஒரு தடவை அவர் அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமலே, மேல்தட்டில் என்ன, கீழ்த்தட்டில் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அருமையாகப் பேசுவார். அதை மறைக்க மாட்டேன்.

சாவியைக் கேட்கக் கூடாது என்று எச்சரித்தவர் பியூன் துலுக்கானம்.

“டீச்சரம்மா, இங்க நீ இன்னா வேணா கேளு. லீவு கேளு, புது நாற்காலி கேளு. அந்த சாவிய மட்டும் கேட்டுடாத.”

“ஏன்?”

“ஏன்னு கேட்டவங்க எடத்துலதான் நீ இப்ப வந்துக்கினு கீற.”

3

இனி மன்றத்து மாணவி பொன்னியம்மா. இவளை எழுதும்போது ஒரு சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. மேனாம்பேட்டில் பிறர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்ட வீடு. அந்தக் காலத்தில் அந்த வீட்டுப் பெண் ஐந்தாம் பாரம், அதாவது இப்போதைய பத்தாம் வகுப்பு, வரை வந்திருப்பாளா? நீங்களும் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். எல்லாரும் வந்திருந்தால் இதைக் கதையாக எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ஏரிக்கரைச் செம்மண் சரளையில் அவளுக்கு ஒரு கல் கிடைத்தது. உள்ளங்கைக்கு அடங்கும், ஒருபக்கம் கூராகச் செதுக்கிய கற்கோடாரி. தாட்சாயிணி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்லூரியில் படமாக மட்டுமே பார்த்திருந்த ஒன்று. வழக்கப்படி கல் வீரராகவன் சாரிடம் போயிற்று.

எழும்பூரில் பள்ளிகளுக்கென்று ஒரு சரித்திரப் பொருட்காட்சி அறிவித்தார்கள். பொன்னியம்மாவை அதற்கு அனுப்பச் சொல்லி அவள் அம்மா கன்னியம்மாவைப் பார்க்கத் தாட்சாயிணி வயலுக்கே போனாள். கன்னியம்மா நாற்றைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“கல்லு பொறுக்கவா இஸ்கூலுக்கு அனுப்சேன்? ஊட்ல அரிசிலயே கீது. குந்திக்கினு பொறுக்கட்டும்.”

“இது அந்தக் கல் இல்லம்மா.”

“எல்லாம் கல்லுதான். இந்த வருசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன் டீச்சர். கூட நடவுக்கு ஆள் வோணும்.”

பொன்னியம்மா வரப்பில் நின்றிருந்தாள். காலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“சரி. எயும்பூர்ல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நின்னு இவளப் பாத்து ‘இது இன்னாம்மா’ன்னு கேட்டா, இன்னொரு வருசம் போவட்டும். இவளக் கேக்கணும். வாத்தியாரக் கேட்டா அது கணக்குல சேராது.”

நியாயமான பந்தயம். பொருட்காட்சி சனிக்கிழமை. கல்லோ அலமாரியில். அதனால்தான் அந்த வாக்கியம்.

4

வீரராகவன் சாரை வில்லனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பிரம்பு, தொந்தி, முறுக்கிய மீசை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் சாவி என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்து, பிரம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

“தூசி பூந்துடும் டீச்சர்.”

“தொடச்சிடலாம் சார்.”

“ஈரக்காத்து பட்டா பாழாயிடும்.”

“வெயில்தான் சார் அடிக்குது.”

“தாளாளர் அனுமதி வேணும்.”

“சரி சார். அவரையே போய்க் கேட்டுடறேன். பக்கத்துத் தெருதானே.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

[ஒரு பெண் தனியாக நிற்கும் அறையில் கதவைச் சாத்தினால் உங்களுக்கு எந்தப் பயம் வருமோ அதே பயம் எழுதும்போது எனக்கும் வந்தது. அதனால் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். வெளியே துலுக்கானம் மணியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மேலே படியுங்கள்.]

“சாவி ஏரியில இருக்கு” என்றார் வீரராகவன்.

தாட்சாயிணிக்கு விளங்கவில்லை.

“அரைஞாண்ல கட்டியிருந்தேன். குளிக்க எறங்கினேன். முங்கி எழுந்தா கயிறு இருக்கு, சாவி இல்ல. ரெண்டு வருஷமாச்சு.”

“வேற சாவி செய்யறதுதானே சார்?”

“செய்யறதுன்னா தாளாளருக்குச் சொல்லணும். அவங்க அப்பா ஞாபகமா குடுத்த அலமாரி. வெள்ளித் தட்டுல வச்சு, மாலை போட்டு, ஊரைக் கூட்டிக் குடுத்த சாவி டீச்சர். அதப் போய் குளிக்கறச்சே தொலைச்சேன்னு எப்படிச் சொல்றது?”

வாசலிலிருந்து அவள் எடுத்து வந்திருந்த கோபத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் போயிற்று. சிரிப்பு வந்தது. அடக்கினாள், முழுதாக அடங்கவில்லை. பார்க்காமலே பாடம் நடத்தும் வித்தை பாண்டித்தியம் இல்லை, வேறு வழியில்லாமை. அப்புறம்தான் உறைத்தது.

“அப்போ ரெண்டு வருஷமா பசங்க கொண்டாந்தது எல்லாம்? பொன்னியம்மாவோட கல்லு?”

“வீட்ல பத்திரமா இருக்கு.”

5

பத்திரமாகத்தான் இருந்தது. சமையலறையில்.

அவர் மனைவி சாமுண்டீஸ்வரி அப்போது கஷாயத்துக்கு இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தாள். கற்கோடாரியால். மோர்ப்பானையை மூடியிருந்தது ஒரு கறுப்பு சிவப்புப் பானையின் உடைந்த அடிப்பாகம். ஆயிரமாயிரம் வருஷங்கள் வரிசை கலைந்து, உப்புச் சாடிக்கும் புளிப்பானைக்கும் நடுவே சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

“இது இஸ்கூல் கல்லா? நீங்க சொல்லவே இல்லயேங்க” என்றாள் கணவனிடம். “நான் எத்தினி நாளா வச்சு நசுக்கறேன். குழவி கூட இப்படிக் கைல உக்காராது.”

வீரராகவன் கூரையைப் பார்த்தார்.

(இந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. மனிதக் கையைவிட்டு வெளியே போய்ப் பல யுகம் மண்ணில் கிடந்த ஒரு கருவி, திரும்ப ஒரு கைக்குள் வந்து வேலை செய்துகொண்டிருந்தது. அலமாரிக்குள் செத்துக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். கோபம் வேறு இடத்தில் வந்தது. இதோ.)

டீச்சரோடு வந்திருந்த பொன்னியம்மா கொல்லைப் படலுக்கு வெளியே நின்றிருந்தாள். அவள் எடுத்த கல் அந்தச் சமையலறை வரைக்கும் போகலாம். அவள் போக முடியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

சாமுண்டீஸ்வரி கல்லைக் கழுவி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். ‘அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்’ என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. நடந்திருக்காது. அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: படலுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள். பொன்னியம்மா எடுத்துக்கொண்டாள்.

“இஞ்சிக்கு இல்லன்னா, பின்ன இது இன்னாத்துக்குத்தான்?” என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள்.

பொன்னியம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வேண்டுமென்றே கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோடாலிம்மா. இரும்பு வர்றதுக்கு முன்ன. எம்மா முன்னன்னு டீச்சருக்கே சரியா தெரியாது. பாருங்க, ஒரு சில்லு, ஒரு சில்லா தட்டி எடுத்துக்கிறாங்க. இங்க மட்டும் தட்டல, கட்டவெரலுக்கு எடம் உட்டுக்கிறாங்க. கறி அறுக்கலாம், கிழங்கு தோண்டலாம். செஞ்சவனுக்கும் நம்ம அளவு கைதான்.”

“செஞ்சவனா, செஞ்சவளா?”

“தெரியாதும்மா. கல்லுல பேரு இல்ல.”

“பொம்பளயாத்தான் இருக்கும். இவ்ளோ தோதா எந்த ஆம்பள செய்வான்?” என்று சாமுண்டீஸ்வரி கணவனைப் பார்த்தாள். கொல்லையில் கூரை இல்லாததால் அவர் இந்தத் தடவை வானத்தைப் பார்த்தார்.

ஒருத்தி நின்று கேட்டுவிட்டாள்தான். ஆனால் கன்னியம்மா சொன்னது எழும்பூர். கொல்லைப்புறம் கணக்கில் சேராது. தாட்சாயிணிக்கு அது தெரியும்.

வீரராகவன் தொண்டையைச் செருமினார். “நல்லா சொல்றே பொன்னியம்மா. இதையே நான் சனிக்கிழமை எழும்பூர்ல சொல்லிடறேன். நீ பக்கத்துல கல்லைப் பிடிச்சுக்கிட்டு நில்லு.”

“சார்,” என்றாள் தாட்சாயிணி, “கல்லை நீங்க பிடிச்சுக்குங்க. அவ பேசட்டும்.”

“பொருட்காட்சியில தலைமையாசிரியர் பேசறதுதான் வழக்கம் டீச்சர். உங்க வேலை இன்னும் தற்காலிகம். ஞாபகம் இருக்கட்டும்.”

6

இப்போது முடிவுகள்.

ஒன்று. ‘அப்படின்னா ஏரியில இருக்கிற சாவியைப் பத்தித் தாளாளர்கிட்டப் பேசலாமா சார்’ என்கிறாள். அவர் வெளுத்துப்போகிறார், சம்மதிக்கிறார். நீங்கள் கைதட்டுகிறீர்கள். இதை முழுதாக எழுதி, இரண்டு நாள் ரசித்துவிட்டு அடித்தேன். பயத்தில் கொடுத்ததைப் பயம் தெளிந்ததும் அவர் திருப்பி வாங்கிக்கொள்வார். அதோடு, அவர் அவமானத்தை எடுத்து ஆயுதமாகப் பிடிக்கத் தாட்சாயிணிக்குப் பிடிக்கவில்லை. என்னைவிட நல்லவள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இரண்டு. வீரராகவன் கண் கலங்கி, மனம் மாறி— ஒரு கஷாயம் கொதிக்கிற நேரத்தில் யாரும் அப்படி மாறுவதில்லை. வேண்டாம்.

மூன்று. எழும்பூர் மண்டபம். அங்கே நான் போகப்போவதில்லை. போனால் பொன்னியம்மாவை ஜெயிக்க வைத்துவிடுவேன், என்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீங்கள் போங்கள். வரிசையாக மேசைகள், விசிறிக்கொண்டு நடக்கும் கூட்டம், எல்லா மேசையிலும் கல்லும் ஓடும். ஒரு மேசைக்குப் பின்னால் ஒரு பெண். நிற்பதும் தாண்டிப்போவதும் உங்கள் பாடு. நின்றால் யாரைக் கேட்க வேண்டும் என்று கன்னியம்மா சொல்லியிருக்கிறாள்.

7

கொல்லையில் இஞ்சி வாசனை இன்னும் இருந்தது. தாட்சாயிணிக்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நெடுநாள் தேடிய பக்கத்தைப் புத்தகத்தில் கண்டுபிடித்தது மாதிரி ஒரு நிம்மதி.

“சனிக்கிழமை காலைல அம்பத்தூர் ஸ்டேஷன்ல நானும் இவளும் ரயில் ஏறறோம் சார்,” என்றாள். “நீங்களும் வந்தா சந்தோஷம்.”

“நான் இன்னும் சரின்னு சொல்லலையே.”

“ஆமாம் சார்.”

“ஏம் பொண்ணே,” என்றாள் சாமுண்டீஸ்வரி, “எல்லாம் முடிஞ்சதும் அந்தக் கல்ல எனக்கே குடுத்துடுவியா?”

“தர மாட்டேம்மா.”

“கேட்டுப் பாத்தேன்.”

தாட்சாயிணி படலைத் திறந்து வெளியே வந்தாள். பொன்னியம்மா கூடவே நடந்தாள். “டீச்சர், உத்தரவு இல்லாம போகக் கூடாது” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மிரட்டலாகத் தொடங்கிப் பாதியிலேயே கெஞ்சலாகிப்போன குரல். அவள் திரும்பவில்லை. குடையை விரித்து, பாதியை அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்து, வெயிலில் இறங்கி நடந்தாள்.