நொடிக்கு இரண்டு

நிலநடுக்கம் வந்து மூன்று வாரம் கழித்து, என் அக்கா குடியிருக்கும் கட்டடத்தைச் சோதிக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. சொந்தக்காரன் சோதித்து நாளைக்கு ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"ஆபீஸ்ல இருக்கிறதே நாம ரெண்டு பேரு. எனக்கு முட்டி வலி, அங்க லிஃப்ட் ஓடலை. மிச்சம் யாருன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ," என்றார்.

ஆறு மாடிக் கட்டடம். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே குடித்தனங்கள். மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் அங்கே யாரும் இல்லை. நாங்கள் நல்லது என்று எழுதிக் கொடுக்கும் வரை லிஃப்ட் ஓடாது. நல்லதில்லை என்று எழுதினால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாலாவது மாடியில், தெருவைப் பார்த்த மூலை வீட்டில் அக்காவும் அத்தானும். அக்கா பள்ளிக்கூட டீச்சர், அத்தானைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்தாள். அவளுக்குத் தலைமையாசிரியை பதவி வந்திருந்தது, ஆனால் இங்கே இல்லை; ஒரு ராத்திரி ரயிலில் போக வேண்டிய ஊரில். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் பதவி அடுத்த ஆளுக்கு. இருபது வருடமாக அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதவி. அக்கா போவதாக இல்லை. காரணம் அத்தான். போன வருடம் பஸ் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "எக்ஸ்ரேலயா வலிக்குது? எனக்குல்ல வலிக்குது," என்றார் அத்தான். டாக்டர் எக்ஸ்ரேயை உறையில் போட்டுவிட்டார்.

நிலநடுக்கத்தன்று எல்லோரும் விழுந்தடித்துப் படியில் இறங்கி ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. அத்தானோடு அந்த அறையிலேயே இருந்தாள். ஆட்டம் நின்ற பிறகு நாலு பேர் போய் அத்தானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் மூன்றாவது மாடித் தையல்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, இன்னும் குனிய முடியாமல் நிமிர்ந்த நடையாக நடந்துகொண்டிருக்கிறார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடித்துவிடுவேன். ஒரு கட்டடம் நினைத்தபடியெல்லாம் ஆடாது. ஆடுவதற்கு அதற்கென்று சில விதங்கள் உண்டு. முதல் ஆட்டத்தில் தெருப்பக்கம் சாய்ந்து நிமிரும். இரண்டாவதில் பக்கவாட்டில். மூன்றாவதில், துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நொடிக்கு இத்தனை தடவை என்று ஒரு வேகம். சும்மா இருக்கும்போதும் காற்றும் லாரியும் கட்டடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கருவி வைத்தால் தெரியும். வேகம் குறைந்திருந்தால் எங்கோ தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு, நிலநடுக்கத்தில் தரை ஆடிய பதிவை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்து, எது எவ்வளவு எழும்பும் என்று கணக்கிட்டுச் சேர்த்தால், எந்தத் தூணுக்கு எவ்வளவு அடி என்று வந்துவிடும்.

மாடிக்கு மாடி கருவி வைத்து ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தேன். கட்டட வரைபடத்தின்படி மூன்றாவது ஆட்டம், அந்த முறுக்கு, நொடிக்கு இரண்டரைக்கு மேல் இருக்க வேண்டும். திரையில் நொடிக்கு இரண்டில் ஒரு கோடு எழும்பி நின்றது. அக்கா வீட்டு மூலையில்தான் அது அதிகம். கணக்குப் போட்டேன். முறுக்குக்கு எதிரான பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காலி. போதாததற்கு, நிலநடுக்கத்தில் தரை பலமாக ஆடியதும் நொடிக்கு இரண்டை ஒட்டித்தான். இன்னொன்று வந்தால் கட்டடம் அதோடு சேர்ந்துகொண்டு ஆடும்.

முதலாளியைக் கேட்பதற்கு முன்பே அக்காவிடம் உளறிவிட்டேன்.

"காலி பண்ணணுமா? இவரை எங்கடா தூக்கிட்டுப் போவேன்?" என்றாள். "நல்லவேளை, அந்த வேலைக்கு ஒத்துக்கலை."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஊசி மாதிரி நிக்குது? கான்கிரீட் எங்கேயாவது இப்படி ஆடுமா? அது ஆட்டத்தை விழுங்கும்யா, மேடு மாதிரி அகலமாத்தான் வரும். இங்க பாரு, நாலுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு. எந்தக் கட்டடம் ரெண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும்?"

"இரண்டரைக்கு மேல குண்டா ஒண்ணு உட்கார்ந்திருக்கே, அதுதான் உன்னோட மூணாவது ஆட்டம். கட்டடம் நல்லாத்தான் இருக்கு. இந்த ஊசி ஏதோ மெஷின், இல்லாட்டி மனுஷன்."

"அப்ப அழிச்சிடட்டுமா?"

"காரணம் தெரியாம அழிச்சா அதுக்குப் பேரு திருட்டு. யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வா."

மறுநாள் காலை மொட்டைமாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். என் சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒன்று, இரண்டாவது மாடியில் ஓடும் சலவை இயந்திரம். இன்னொன்று, ஸ்கிப்பிங் ஆடும் தையல்காரர் மகள். இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பதினோரு மணி வரை கோடு இல்லை. கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். அக்கா பையோடு தெருவில் இறங்கிக் கடைப்பக்கம் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கோடு நிற்கிறது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. குழாய், மின்விசிறி என்று ஏதேதோ யோசித்தேன். தெருமுனையில் அக்கா தலை தெரிந்தது, கோடு விழுந்தது. எதையோ மறந்துவிட்டாள் போல, பாதித் தெருவிலிருந்து மறுபடி கடைக்குத் திரும்பினாள். கோடு எழுந்தது.

உட்கார்ந்து ஒரு கணக்கு மட்டும் பார்த்தேன். பிறகு நாலாவது மாடிக்கு இறங்கி மணியை அடித்தேன்.

"யாரு?"

"நான்தான் அத்தான். கதவைத் திறங்க."

"நான் எப்படிப்பா எழுந்து வர்றது? அக்கா இப்ப வந்துடுவா, இரு."

"இவ்வளவு நேரம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தீங்களே, என் கருவியில கோடா நின்னுச்சு. அப்படியே கதவு வரைக்கும் வாங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு பூட்டு திரும்பியது. பனியனோடு, கழுத்தில் துண்டோடு, வியர்த்து வழிந்துகொண்டு அத்தான் நின்றார். இவ்வளவு ஆரோக்கியமாக அவரைப் பார்த்து வருடக்கணக்காகிறது.

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

"நிலநடுக்கம் வந்த அன்னைக்கும் நடக்க முடியும்?"

அத்தான் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "எழுந்திரிக்கத்தான் பார்த்தேன் மச்சான். அதுக்குள்ள அவ ஓடி வந்து என்னை இறுக்கிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் எழுந்திரிக்க மனசு வரலை."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கூரை விழுந்து அவ செத்திருந்தா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவ போயிடுவா மச்சான். அங்க அவ ஹெட்மிஸ்ட்ரஸ். நான் ரிட்டயர்டு ஆளு. குவார்ட்டர்ஸ் வாசல்ல வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்துக்கிட்டு, அவ எப்ப வருவான்னு பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"இங்க படுத்துக்கிட்டே பார்க்கிறீங்க."

துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "அந்தக் கோட்டை அழிச்சிடேன். ஒரு கோடுதானே," என்றார்.

"அழிச்சா காரணம் எழுதணும். அழிக்காட்டி கட்டடம் பழுதுன்னு ஆயிடும். அத்தனை குடும்பமும் காலி பண்ணணும்."

அத்தான் இதை உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார்.

"பண்ணட்டுமே," என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். அத்தானை நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்தார்கள். தையல்காரர் இந்தத் தடவை தூக்கவில்லை, ஓரமாக நின்று யோசனை சொன்னார். விரிசல் சுவரில்தான், தூணில் இல்லை, கட்டடம் நன்றாக இருக்கிறது என்று முதலாளி சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரால் எதையும் அதோடு விட முடியாது. எழுந்து வந்து, மேஜைமேல் லேப்டாப்பில் தெரிந்த படத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஊசியை மட்டும் ஏன் கணக்குல சேர்க்கலை?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தூணைப் பார்த்தார்.

"அது கட்டடம் இல்லைங்க," என்றேன். "நாலாவது மாடியில ஒருத்தர் நடக்கிறாரு."

நாலாவது மாடிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தாங்கள் நடப்பதில்லை என்றார்கள். யாரோ தையல்காரர் மகள் பேரை இழுத்தார்கள். "என் பொண்ணு மூணாவது மாடி! வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!" என்று தையல்காரர் திரும்பியதில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டாள்: "அது எப்ப எப்ப வருதுடா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"நீ கடைக்குப் போறப்பக்கா."

எல்லாத் தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. அக்கா அத்தான் பக்கம் திரும்பவே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடக்கிறப்ப நொண்டுறாரா?"

நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. ஆனால் பதில் என்னிடம் இருந்தது. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தால் இரண்டு அடிக்கு ஒரு தடவை வித்தியாசம் தட்டும். நொடிக்கு ஒன்றில் சின்னதாக ஒரு கோடு எழும்பும். மொட்டைமாடியில் நான் உட்கார்ந்து பார்த்த கணக்கு அதுதான். மனுஷன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"இல்லக்கா. ரெண்டு காலும் சமம்."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அக்கா முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு ராத்திரி வண்டிக்கு நான் கிளம்புறேன். வர்றதா இருந்தா அவரு நடந்து வரட்டும்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

தூக்கி வந்தவர்கள் பழக்கதோஷத்தில் நாற்காலிப் பக்கம் வந்தார்கள். "வேண்டாம்," என்று அத்தான் எழுந்து நின்றார். தையல்காரர் முதுகில் கையை வைத்தபடி அவரையே பார்த்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

கருவிகள் இன்னும் மேலேதான் இருந்தன. எல்லோரும் கீழே கூடியிருந்ததால் மாடிகளில் ஆள் அரவம் இல்லை. மேஜையில் திறந்திருந்த லேப்டாப்பில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அக்காவின் கோடு கடகடவென்று ஏறி நாலாவது மாடிக்குப் போயிருந்தது. பின்னாலேயே இன்னொன்று, மெதுவாக ஏறியது. மூன்றாவது மாடியில் அது நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம்.

"முட்டியா இருக்கும்," என்றார் முதலாளி.

பிறகு ஏறியது. நாலாவது மாடியில் மறுபடி நின்றது, ரொம்ப நேரம். கதவைத் தட்டினாரா, கதவு திறந்தே கிடந்ததா என்று கருவியில் தெரியாது. திரும்பக் கோடு எழுந்தபோது மூலை வீட்டில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள், அறைக்கும் ஹாலுக்கும், ஹாலுக்கும் அறைக்கும்.

"பெட்டி கட்டுறாங்க போலிருக்கு," என்றார் முதலாளி. "காரணம் தெரிஞ்சிடுச்சு இல்ல, அழிச்சிடு."

மறுநாள் ரயிலடிக்கு இரண்டு பெட்டி போனது. சின்னதை நான் தூக்கினேன். பெரியதை அத்தானிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அக்கா கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.