இடுப்பளவுத் தண்ணீரில் சகாயநாதன்

1

உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன். தோணியில் ஏறினாலே எனக்குக் குமட்டும். போன மாசம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், ஏறலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். நடு ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒருத்தர் ஒரு தோணியைப் பார்த்துக் கத்தினார். எதிர்க்காற்று. ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து, கதை நடக்கிற வருஷமாக 1934 என்று எழுதி, கீழே கோடு போட்டேன். கதை பிறந்த லட்சணம் இதுதான்.

2

அந்திச் சூரியன் ஆற்றில் குங்குமத்தைக் கரைக்க... வேண்டாம். எல்லாரும் கரைச்சாச்சு.

சனிக்கிழமை சாயங்காலம். மில் விட்டு வந்த பன்னிரண்டு பேரோடு காசிலிங்கத்தின் தோணி புதுச்சேரிக் கரையிலிருந்து கிளம்பியது. அதில் ஒருத்தன் சகாயநாதன், தறி ஓட்டுகிறவன். எதிரே ஞானமேரி, நூல் சுற்றுகிறவள். ரெண்டு வருஷமாக, தினம் ரெண்டு வேளை, இப்படித்தான் எதிரெதிரே உட்கார்ந்து போகிறார்கள். அக்கரை சேரக் கால்மணி நேரம். அதற்குள் "என்னைக் கட்டிக்கிறியா" என்று கேட்க ஒரு மனுஷனுக்கு வாய் வராதா? மழை வருமா என்று கேட்பான். வரும்போல என்பாள். ஒரு நாள் தைரியமாகப் பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் வைத்தான். அவளும் "போன்ழூர்" என்றாள். அதோடு சரி.

நாளைக் காலைப் பூசையில் ஞானமேரிக்கும் ஒரு காரைக்கால் மாப்பிள்ளைக்கும் முதல் ஓலை. (இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று சாமியார் மூணு ஞாயிறு வாசிப்பார். வாசித்துவிட்டால் ஊரே சாட்சி.) ஆகவே இன்றைக்கு விட்டால் போச்சு.

[பாலம் வழியே போகலாமே என்று கேட்பவருக்கு: பாலத்தில் எதிரெதிரே உட்கார முடியாது.]

3

பத்து நிமிஷம் போய்விட்டது. இவன் மழையை விசாரித்து முடித்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுதுகிறவன் நான்தானே, தோணியை மணல்திட்டில் தட்டவைத்தேன். அரைமணி நேரம் சும்மா கிடைக்கும், பேசுடா தம்பி என்றேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். தரை தட்டினால் ஆம்பளைகள் இறங்கித் தள்ளணும், பொம்பளைகள் உட்கார்ந்தே இருக்கலாம். அந்தத் துறையின் வழக்கம் அது. மற்றவர்கள் வேட்டியை மடித்துக்கட்ட யோசிப்பதற்குள் இவன் குதித்தான். ரெண்டு வருஷமாகச் சொல்லாத பேச்சையெல்லாம் தோளில் கொண்டுவந்து ஒரே தள்ளு. தோணி விடுபட்டு ஓடியே போச்சு. இவன் மட்டும் திட்டில் நிற்கிறான். மடையன். ஆத்திரத்தில் பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

4

திரும்பி வந்தால் தோணியில் ஒரே சிரிப்பு. காசிலிங்கம் தோணியைத் திருப்பக் கழியை ஊன்றினார். ஞானமேரி எழுந்து கழியைப் பிடித்துக்கொண்டாள். இதை நான் எழுதவில்லை, அவளாகச் செய்தது.

"இருண்ணே. ரெண்டு வருஷமா மழையப் பத்தியே கேட்டுக்கினு இருக்காரு. சொல்ல வேண்டியத அங்கியே நின்னு சொல்லட்டும். அப்பறம் திருப்பு."

"கடல் ஏத்தம், தண்ணி ஏறுது தங்கச்சி."

"ஏறட்டும்."

5

முடிவு ஒன்று: "உன்னைக் கண்ட நாள் முதலாய்" என்று கத்துகிறான். அடித்துவிட்டேன். தறிக்காரன் அப்படிப் பேசமாட்டான்.

முடிவு இரண்டு: ஓலையை நிறுத்தச் சொல்லி, காரணங்களை வரிசையாக... கத்தி முடிப்பதற்குள் ஆள் முழுகிவிடுவான்.

முடிவு மூன்று: மழை வருமா என்று கத்துகிறான். நிஜத்தில் இதைத்தான் கத்துவான் என்பது என் பயம்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தாச்சு. தோணியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கழியை விடவில்லை. கரையில் நின்ற எனக்கு அன்றைக்கே கேட்கவில்லை. நீங்கள் இவ்வளவு நேரமும் தோணியில்தானே இருந்தீர்கள், என்ன கத்தினான்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள் சாமி. அவனுக்கு நீச்சல் தெரியாது.