கையேட்டில் ஒரு சிவப்பு வரி

மாலை நான்கு மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது. மொந்தெவிதேயோவில் ஜூலைக் குளிர்காலம் அப்படித்தான். நொயேலியா மாத்தே இலைத்தூளில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு கையேட்டைத் திறந்தாள். கூடக் குடிக்கும் சகா வில்மார் இல்லாததால் மாத்தேயைத் தனியாகக் குடித்தாள்.

கையேடு அவள் எழுதியது. சுங்க முகவர்களுக்கு மென்பொருள் செய்யும் அந்த நிறுவனத்தில் நிரல்களை வைக்க இரண்டு களஞ்சியங்கள் இருந்தன. மூத்தவர்கள் பழையதை விடவில்லை. இளையவர்கள் அதைத் தொடவில்லை. ஒன்றில் எழுதியதை மற்றதற்குக் கொண்டுபோக ஒரு கருவி இருந்தது. பாலம் என்பார்கள். அதை ஓட்டும் முறைதான் கையேடு.

ஜூனில் வில்மார் பெர்தோமோ கையேட்டில் இருந்த கட்டளையை அப்படியே தட்டினான். இந்தப் பக்கம் இருப்பதைப் போலவே அந்தப் பக்கத்தையும் ஆக்கும் கட்டளை. இந்தப் பக்கம் இருந்தது காலி நகல். பழைய களஞ்சியம் காலியானது. காப்புப் பிரதி எடுக்கும் வட்டு நிரம்பி நின்றுபோயிருந்தது அன்றுதான் தெரிந்தது.

வில்மாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் அமைச்சகத்தில் விசாரணை. தவறு அவனுடையது என்றால் வெறுங்கையோடு போக வேண்டும். வேறு யாரும் வேலை தர மாட்டார்கள்.

மேலாளர் லெடெஸ்மா வந்து நின்றார்.

"எச்சரிக்கை போட்டாச்சா?"

"எழுதிட்டிருக்கேன்."

"சிவப்புல போடும்மா, பெருசா. இன்னொரு வில்மார் நமக்கு வேணாம்."

பக்கத்து மேசையிலிருந்து எபெர் சிரித்தான். "எந்த நிறத்துல போட்டா என்ன சார்? அவன் பெனரோல் கால்பந்து ரசிகன். மஞ்சளும் கறுப்பும்தான் கண்ணுக்குத் தெரியும்."

"வாயை மூடு, எபெர். எச்சரிக்கை எழுதாம விட்டது நான். அவன் இல்ல," என்றாள் நொயேலியா.

லெடெஸ்மா அவளைப் பார்த்தார். தன் அறைக்குப் போனார்.

அவள் எழுதினாள். அந்தப் பக்கம் இருப்பதை இந்தக் கட்டளை அழிக்கும். காலி நகலிலிருந்து ஓட்டாதீர்கள். முதலில் ஒத்திகை பாருங்கள். ஒத்திகைக் கட்டளையைப் போலிக் களஞ்சியத்தில் சோதித்தாள். பிறகு அதைச் சேர்த்தாள். நல்ல பக்கம். ஜூனில் இருந்திருக்க வேண்டிய பக்கம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கையேட்டுத் திருத்தத்துக்குத் தனிப் பதிவு போடுவதில்லை. வரலாறு குப்பையாகிறதாம். கடைசிப் பதிவுக்குள்ளேயே மடித்துவிடுவார்கள். மடித்த பதிவு முதலில் எழுதிய தேதியையே வெளியே காட்டும். பழைய களஞ்சியம் இருந்தபோது, எதுவும் வந்து சேர்ந்த நாளை அது தானே குறித்துக்கொண்டது. இப்போது அது இல்லை.

நொயேலியா கைப்பழக்கத்தில் தன் மார்ச் மாதப் பதிவுக்குள் மடித்தாள்.

வியாழன் காலை அச்சுப்பொறியில் அந்தப் பக்கம் கிடந்தது. நிறுவனத்தின் வக்கீல் எடுத்துப்போன தாள்களில் ஒன்று தவறியிருந்தது. மேலே அவளுடைய சிவப்பு வரி. கீழே தேதி: மார்ச்.

லெடெஸ்மாவின் அறைக்குப் போனாள்.

"இது தப்பு. மார்ச்சுல இந்த வரி இல்ல."

"களஞ்சியம் மார்ச்னுதான் சொல்லுது."

"மடிச்சதால அப்படிக் காட்டுது. உள்ள இன்னொரு தேதி இருக்கு, மடிச்ச நாள். எடுத்துக் காட்டலாம். பழைய பக்கமும் என் கணினியில இருக்கு."

"வேற யார்கிட்டயாவது?"

"இல்ல. கையேட்டுக்கு நகல் வச்சிருக்கறது நான் மட்டும்தான்."

"சரி," என்றார் லெடெஸ்மா. "நல்லவேளை சொன்ன. போய்ச் சாப்பிடு."

சாப்பிட்டுத் திரும்பியபோது மேசையில் புதுக் கணினி இருந்தது. திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை.

"பழசு எங்க?"

எபெர் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பேர் வந்து எடுத்துட்டுப் போனாங்க. உனக்குப் புதுசு. கொடுத்து வச்சவ."

களஞ்சியத்துக்குள் நுழையப் பார்த்தாள். அனுமதி இல்லை. மறுபடி தட்டினாள். அனுமதி இல்லை.

கைபேசி அடித்தது. வில்மார்.

"என்ன அம்மணி, மாத்தே சூடா இருக்கா?"

"எங்க இருக்க?"

"அமைச்சகத்து வாசல்ல. மழை. அந்த வக்கீல் ஒரு தாளை நீட்டறான். சிவப்புல இவ்வளவு பெருசா எழுதியிருக்கே, கண்ணு தெரியலயான்னு கேக்கறான். நான் தட்டின அன்னிக்கு இது இல்லன்னேன். மார்ச்னு போட்டிருக்குன்னு விரலை வச்சுக் காட்டறான்."

அவள் லெடெஸ்மாவின் அறைப் பக்கம் திரும்பினாள்.

"நானே குழம்பிட்டேன். வீட்டுல கேட்டா என்ன சொல்றது? படிக்காமத் தட்டிட்டேன்னா?"

"நீ படிச்ச, வில்மார்."

லெடெஸ்மா தன் அறை வாசலில் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். எபெர் தட்டுவதை நிறுத்தினான்.

"அப்ப நாளைக்கு வா," என்றான் வில்மார். "பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. தாள் எதுவும் வேணாம். வந்து உன் வாயால சொல்லு, அந்த வரியை எப்ப எழுதினன்னு. சொல்லுவ இல்ல?"